எங்கள் நிலத்தில் துரு விளையவில்லை

வெள்ளாடுகள் இரும்பை நக்கிக்கொண்டிருந்தன.

எனக்குக் கல்யாணமான புதிது. பங்குனி மாதத்துக் காலை. எட்டு மணி இருக்கும். நான் நோட்டும் பென்சிலுமாகக் காட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் பக்கம் மானாவாரிப் புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வோம். மரம் இருக்குமோ என்று யாரும் தேட வேண்டாம்.

காட்டின் ஓரத்தில் சாய்வாக ஒரு இரும்புத் தட்டி. அதில் வரிசை வரிசையாக, ஸ்லேட்டுப் பலகை அளவில் தகடுகள். பதினைந்து ஆடுகள் பின்னங்காலில் நின்று, முன்னங்காலைத் தட்டியின் சட்டத்தில் ஊன்றி, கீழ் வரிசைத் தகடுகளை நக்கின. கல்யாணப் பந்தியில் இலையில் ஓடும் பாயசத்தை வழிப்பார்களே, அந்தச் சிரத்தை.

ஆடு மேய்க்கும் சுடலை உடைமரத்து நிழலில் இருந்து எழுந்து வந்தார். புதூர்ப் பக்கத்துக்காரர். அறுவடை முடிந்த காடுகளில் மிஞ்சி நிற்கும் காய்ந்த பருத்திச் செடிகளில், அதாவது பருத்திமாரில், மேய்க்க வருவார்.

"அக்கா, உங்க இரும்புல என்னத்தத் தடவி வச்சிருக்கீய? இதுக பருத்திமார்கூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்குதுவ."

"நான் ஒண்ணும் தடவலையே."

"பெறகு என்னத்துக்கு இப்படி நக்குதுவ?"

அவர் கம்பை வீசி ஆடுகளை விரட்டிக்கொண்டு போனார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். குனிந்து, மேல் வரிசையில் ஆட்டின் நாக்கு எட்டாத ஒரு தகட்டை நானும் ஒரு நக்கு நக்கினேன்.

உப்பு.

நிமிர்ந்தால், சுடலை திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"எப்படிக்கா, நல்லாருக்கா?" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் இருக்கும் திசைக்கே நான் முகத்தைத் திருப்பவில்லை.

போன வாரம் இதே பத்தியில், கல்யாண மாலையை நான் தலைகீழாகப் போட்டுக்கொண்டதை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மகள், "இனிமேல் மானம் போற மாதிரி எதுவும் எழுதாதம்மா" என்றாள். இந்த வாரம் இரும்பை நக்கியதை எழுதுகிறேன். அவளுக்கு முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.

இரும்பு வெள்ளாமை

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில், தார் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே. நான் கல்யாணமாகி வந்த மறு வருஷம், ஆடி மாதக் காற்றில் ஒரு ஜீப் வந்தது. ஏதோ ஒரு ஆராய்ச்சிக் கூடத்தின் ஆபீசர் ஒருவரும் அவருடைய உதவியாளர் ஒருவரும் இறங்கினார்கள்.

அவர்கள் கேட்டது ஒரு சென்ட் இடம். தகடுகளை நட்டு வைத்துத் துருப்பிடிக்க விட வேண்டுமாம். பாதித் தகடு வெறும் இரும்பு. மீதிப் பாதி நாகம், அதாவது துத்தநாகம், பூசியது; கடைகளில் ஜி.ஐ. ஷீட் என்பார்களே, அது. இதே மாதிரி ஒரு தட்டி தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் வைத்திருக்கிறார்கள். கடலும் ஆலைப் புகையும் இல்லாத இடமாக இன்னொன்று வேண்டும். அதற்கு வீட்டை ஒட்டியிருந்த எங்கள் காடு தோதாக இருந்தது.

என் மாமனாரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமா உடனே சரி என்றார். ஆனால் தினமும் நோட்டில் எழுத ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்த பதினோரு பேரில் கோணாமல் எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான். எட்டாவது வரை படித்திருந்தேன். என் வீட்டுக்காரரும் படித்தவர்தான், ஆனால் அவருக்குக் கோவில்பட்டியில் வேலை. சனிக்கிழமைதான் வருவார்.

ஆபீசர் எனக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தார். நேராக இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் மாமாவிடம் சொன்னார். மாமா கதவிடம் சொன்னார்.

"மழை, பனி, புழுதி, பறவை எச்சம், எது பட்டாலும் எழுதணும். ஒண்ணும் இல்லைன்னா 'மாற்றம் இல்லை'ன்னு எழுதினாப் போதும்."

"கேட்டியா தாயி? மாற்றம் இல்லன்னா மாற்றம் இல்லன்னு எழுதணுமாம்."

ஊரில் இதற்கு இரும்பு வெள்ளாமை என்று பேர் வைத்துவிட்டார்கள். போகிற வருகிற ஆட்கள் மாமாவிடம், "என்ன அண்ணாச்சி, இரும்பு எத்தன இலை விட்டிருக்கு? அறுப்பு எப்போ? களத்துக்கு ஆள் சொல்லணும்லா?" என்பார்கள். மாமா சிரிக்காமல், "இந்த வருசம் தலைச்சன் வெள்ளாமை, பாப்போம்" என்பார்.

எனக்கு அந்தத் தட்டி வேறு ஒன்று. பதினோரு பேர் இருந்த வீட்டில் என் பெயரை யாராவது ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அடுப்படியில் இருந்தால் கொல்லையில் இருந்து கூப்பிடுவார்கள், கொல்லைக்குப் போனால் அடுப்படியில் இருந்து. நான்கு பேர் இருக்கும் இடத்தில் நிற்கவே கூசுகிற ஆள் நான். தகடு பார்க்கப் போகிற காலை அரை மணி நேரத்தில்தான் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கவர்மெண்ட் வேலை என்று விட்டுவிடுவார்கள். பார்த்து எழுத ஐந்து நிமிஷம் போதும். மீதி இருபத்தைந்து நிமிஷம் நான் சும்மா நிற்பேன். கரிசல் வெடிப்புகளைப் பார்ப்பேன். அந்த வயதில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அக்கா வீட்டு வாளி

கடலோரத்தில் இரும்பு என்ன ஆகும் என்று எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். என் அக்காவைத் தூத்துக்குடியில் உப்பளங்களுக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அக்கா வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தால் கையோடு ஒரு ஏடு வரும். வெங்காயம் உரிப்பது போல உரித்துக்கொண்டே போகலாம். சட்டைகளில் எல்லாம் தோளில் ஒரு செம்பழுப்புக் கோடு இருக்கும். கொடிக்கம்பியின் துரு. அந்தத் தெருவில் யார் முதுகைப் பார்த்தாலும் அந்தக் கோடு. அங்கே அதுதான் சட்டை டிசைன் என்று நான் முதலில் நினைத்தேன்.

ஜி.ஐ. வாளி நிற்கும் என்று அக்கா ஒன்று புதிதாக வாங்கினாள். சில மாதத்தில் பளபளப்புப் போய், மேலெல்லாம் திருநீறு பூசியது போல வெள்ளையாகப் பூத்தது. அப்புறம் அந்த வெள்ளைக்கு நடுவில் செம்புள்ளிகள். ஒரு நாள் கிணற்றில் இருந்து இழுக்கிறாள், வாளி லேசாக வருகிறது. மேலே வந்தது வளையமும் சுற்றுச்சுவரும்தான். அடிப்பாகம் கிணற்றிலேயே தங்கிவிட்டது. அக்கா அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "ஏட்டி, இங்கன இரும்புக்கும் ஆயுசு கம்மிட்டி" என்றாள்.

எங்கள் ஊரிலோ கதையே வேறு. மாமாவின் தாத்தா காலத்துக் கடப்பாரை வெயிலிலும் பனியிலும் வேப்பமரத்தில் சாய்ந்தே கிடக்கும். தேன் நிறத்தில் ஒரு மினுக்கம் இருக்குமே தவிர, ஒரு பொருக்கு உதிராது.

எனவே தட்டியில் ஆறு மாதமாக எதுவும் நடக்கவில்லை. ஐப்பசி மழையில் வெறும் இரும்புத் தகடுகள் டீக்கறை பட்டது போல லேசாகப் பழுத்தன. நாகத் தகடுகள் கொஞ்சம் மங்கின. அவ்வளவுதான். நான் "மாற்றம் இல்லை" என்று எழுதினேன். மறுநாளும் எழுதினேன். எழுதி எழுதி அந்த இரண்டு வார்த்தையும் அச்சடித்தது போல எனக்கு வர ஆரம்பித்தது.

கடற்கரைக்காரன் தகடு

தை மாதம் ஆபீசர் வந்தபோது, கடலோரத் தட்டியில் கழற்றிய தகடு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எங்களுக்குக் காட்டத்தான். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

என்ன நிறம் தெரியுமா? நல்ல செங்காவி. மேலே ஏடு ஏடாக, அடுக்கடுக்காக, விரல் பட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது எத்தன மாசப் பயிரு சார்?" என்று மாமா கேட்டார்.

"உங்களோடது வைச்ச அதே வாரம் வைச்சதுதான்."

மாமா எங்கள் தட்டியைத் திரும்பிப் பார்த்தார். அது வெயிலில் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. அவருடைய முகம் சுண்டிப்போனதை நான் கதவு இடுக்கில் பார்த்தேன்.

உதவியாளர் சிரிப்பாக ஒன்று சொன்னார். "உங்க ஊர்ல ஒண்ணுமே வரமாட்டேங்குது பெரியவரே. இந்தத் தட்டியைப் பிடுங்கி வேற ஊர்ல நட்டுரலாம் போல."

சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்ட இரண்டு பேருக்குமே அது சிரிப்பாகப் படவில்லை. என் அரை மணி நேரம் ஜீப்பில் ஏறிப் போவதை நான் பார்த்தேன். மாமா பார்த்தது வேறு. ஜீப் போன பிறகு, அவர் காட்டு மண்ணில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"சோளம் போட்டா வருது. கம்பு போட்டா வருது. மல்லி போட்டா வருது. இந்தத் துரு மட்டும் ஏன் வரமாட்டேங்கு? கடற்கர மணல்ல ஒரு புல்லு முளைக்குமா? அவன் எடுத்துட்டானே."

அவருக்கு அதை விளக்கிச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. விளக்கவும் எனக்குத் தெரியாது.

உப்புப் பானை

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சண்டை ஓட ஆரம்பித்தது. மாமியாரான அத்தைக்கும் எனக்கும்.

"ஏட்டி, கொழம்புல உப்பு சரியாத்தான இருக்கு?"

"ஆமா அத்த."

"பெறகு பானையில உப்பு எங்க போவுது? ஊறுகாய்க்குன்னு நாலு படி வாங்கி வச்சேன். பாதிப் பானைக்கு எறங்கிருச்சு. நீ என்ன, உப்ப அள்ளித் திங்கியா?"

"இல்ல அத்த."

"வாயிலயே வச்சுருந்தாலும் ஆமான்னு சொல்லமாட்ட. தெரியும்."

நான் இரும்பை நக்கியது இந்தச் சண்டையின் நடுவில். நாக்கில் உப்பு பட்டதும் அத்தையின் பானை ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் விடியும்போதே கிளம்பி, உடைமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

மாமா வந்தார். முதுகில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கிற தகர பம்பு. கையில் குழாய். தலையில் துண்டைக் கட்டி, மருந்து அடிக்கும்போது செய்வது போல மூக்கையும் மூடியிருந்தார். உப்புத் தண்ணீருக்கு எதற்கு மூக்கை மூட வேண்டும் என்று தெரியவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று விரலை நீட்டிப் பார்த்துவிட்டு, மேல் வரிசையில் ஆரம்பித்து, ஒரு தகடு விடாமல் புகை போல அடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தகட்டுக்கும் முன்புறம், பின்புறம். இலைக்கு அடியில் பூச்சி இருக்கும் அல்லவா, அந்தப் பழக்கம்.

என்னைப் பார்த்துவிட்டார். துண்டை இறக்கினார்.

"யாருட்டயும் சொல்லிராத தாயி. அந்தத் தம்பி சொன்னதக் கேட்டேல்லா? வேற ஊருக்குக் கொண்டு போயிருவாவளாம். நம்ம மண்ணு என்ன மலடா?"

"இல்ல மாமா."

"மூணாவது தண்ணிக்கே மொளைச்சிருச்சு, பாரு."

பார்த்தேன். வெறும் தகடுகளில் செந்நிறம் படர்ந்திருந்தது. பார்க்காமலே 'மாற்றம் இல்லை' எழுதும் பழக்கத்தில் அதுவரை என் கண்ணில் படவில்லை. நாகத் தகடுகளில் அக்கா வீட்டு வாளியின் அதே திருநீறு.

பென்சில் செய்த வேலை

அன்றைக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எழுதினால் மாமாவின் மானம் போகும், தட்டியும் போகும். எழுதாவிட்டால் தட்டி நிற்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. இப்படித்தான் யோசித்தேன்.

கடைசியில் எழுதினேன். இதை நேர்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு மாதமாக "மாற்றம் இல்லை" எழுதிக் கை சலித்திருந்தது. முதல் முதலாக எழுதுவதற்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. அதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒன்று எழுதிய பிறகு பழைய நாட்களுக்கும் போய், ஓரத்தில் இடம் இருந்த இடத்தில் எல்லாம் ஞாபகத்தில் இருந்ததைச் சேர்த்தேன்.

அதோடு, ஆபீசர் எப்போதும் நோட்டைத் திறக்காமல் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். எங்கோ தூரத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மனதுக்குள் படித்துக்கொள்வார் என்றுதான் நினைத்திருந்தேன்.

சித்திரையில் ஜீப்

ஜீப் வந்ததும் மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அத்தையும் வந்தாள். நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால்.

ஆபீசர் தட்டியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நாலு மாசத்துல மழையே இல்லையே. எப்படி?"

"எங்க மண்ணு அப்படி சார்" என்றார் மாமா. "ஆரம்பத்துல சுணங்கும். பிடிச்சா விடாது."

உதவியாளர் குனிந்து உட்கார்ந்துவிட்டார். "சார், இதைப் பாருங்க. மேல் வரிசையில துரு அதிகம். கீழ் வரிசையில நடு நடுவே சுத்தமா இருக்கு. வழிச்சு விட்ட மாதிரி."

"தரையில இருந்து ஏதோ வருது போல. மண்ணோட சூடா?" ஆபீசருக்கு முகமெல்லாம் பிரகாசம். "இதை மேல எழுதணும். இன்னும் ரெண்டு தட்டி இங்கேயே போடலாம். மண்ணையும் எடுத்துட்டுப் போகணும். எங்க அந்த நோட்டு?"

இன்னும் இரண்டு தட்டி. எனக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்துவிடும். ஒரு நொடி அந்த ஆசை வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் நோட்டு அதற்குள் கை மாறிவிட்டது. அவர் அதை அங்கேயே பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்தார்.

"'மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. அத்தையின் உப்புப் பானை குறைகிறது.'"

அத்தை சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"'ஆடு நக்கியது, பதினைந்து உருப்படி. கீழ் வரிசை மட்டும். நானும் நக்கினேன். மேல் வரிசை. உப்பு.'"

ஆபீசர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"'விடியற்காலை மாமா மருந்து பம்பில் உப்புத் தண்ணீர் அடித்தார். முன்புறமும் பின்புறமும். மூக்கைக் கட்டியிருந்தார்.'"

மாமா மெதுவாகத் திரும்பினார்.

"ஏ தாயி. என்னையவா எழுதிப் போட்ட?"

"என் உப்பு" என்றாள் அத்தை. "ரெண்டு மாசமா அந்தப் புள்ளயப் போட்டு வதைக்கேன். நீரு என் உப்ப அள்ளிக் கொண்டாந்து தகரத்துக்கா அடிச்சீரு?"

"நீ சும்மா இரு."

"எம்புட்டு நாள் அடிச்சீங்க?" என்று ஆபீசர் கேட்டார்.

"ஒரு மாசந்தான் சார். பெறகு பம்பு போயிருச்சு."

"பம்பு போயிருச்சுன்னா?"

மாமா வீட்டுக்கு நடந்து போய் பம்பைத் தூக்கி வந்தார். அடிப்பாகம் முழுவதும் வெள்ளை பூத்து, அதன் நடுவில் செம்புள்ளி வெடித்து, கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. ஆபீசர் அதை வாங்கி வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பார்த்தார். உதவியாளரும் எட்டிப் பார்த்தார். தட்டியை இருவரும் மறந்தே போனார்கள்.

"நாகம் எங்க விட்டிருக்கு பாரு. மடிப்புல ஆரம்பிச்சிருக்கு."

"அற்புதம் சார்."

"இதை நாங்க எடுத்துக்கலாமா பெரியவரே?"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தன்னிடம் இருந்த ஒன்று ஜீப்பில் ஏறிப் போகப் போகிறது, அதுவும் மரியாதையோடு, என்பது மட்டும் புரிந்தது. "எடுத்துக்கிடுங்க. நல்லாத் தொடச்சுத் தரட்டா?"

"ஐயோ, தொடாதீங்க."

பிறகு ஆபீசர் மாமாவுக்கு நிதானமாக விளக்கினார். கடலோரத்தில் துருப்பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியுமாம். இங்கே எவ்வளவு பிடிக்காமல் இருக்கிறது என்று தெரிந்தால்தான், அங்கே உப்புக்காற்று தின்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமாம். இங்கே ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அவர்களுக்கு வேண்டியதாம்.

மாமா கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஒண்ணும் வெளையாம இருக்கதப் பாக்கதுக்கா சார் இம்புட்டுச் செலவு? எங்க பருத்தியப் பாத்திருக்கலாமே. மூணு வருசமா அதத்தான செய்யுது."

உதவியாளர் தகடுகளைக் கழற்ற ஆரம்பித்தார். எல்லாம் வீண். "இனிமேலும் இங்கேயே வைக்கவா சார்?" என்றார். "ஆடு வருது, ஆள் வருது, பம்பு வருது." இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

ஆபீசர் நோட்டை மறுபடியும் புரட்டினார். பிறகு மாமாவிடம் கேட்காமல், அத்தையின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"ஆடு நக்கினதை எழுதினது சரிம்மா. நீங்க நக்கினதை எதுக்கு எழுதினீங்க?"

நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கினேன். அத்தை விலாவில் ஒரு இடி இடித்தாள்.

"எது பட்டாலும் எழுதணும்னு சொன்னீங்களே சார்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். பிறகு உதவியாளரிடம், "புதுத் தகடு கொண்டுவந்து மாட்டு. தட்டி இங்கேயே இருக்கட்டும்" என்றார். "ஆனா வேலி போடணும். இவங்களைத் தவிர ஒருத்தரும் உள்ளே வரக்கூடாது."

வேலி

அடுத்த வாரமே கல்தூண் நட்டு, ஜி.ஐ. முள்கம்பி இழுத்து, ஒரு சின்னக் கேட்டும் வைத்தார்கள். கேட்டுக்குச் சங்கிலி, பூட்டு. வெளியில் ஒரு பலகை: அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது. சாவி என் கையில்.

முதல் நாள் நான் உள்ளே போய் நின்றபோது, மாமா வேலிக்கு வெளியே வந்து நின்றார். புதுத் தகடுகளை ஆசையாகப் பார்த்தார். கையில் எதுவும் இல்லை என்று காட்டுவது போல இரண்டு கையையும் முன்னால் கட்டியிருந்தார்.

"உள்ள வரட்டுமா தாயி? சும்மா பாக்கத்தான்."

"ஆபீசர் யாரையும் விடக்கூடாதுன்னுட்டாவ மாமா."

"என்னையக்கூடவா?"

"உங்களச் சொல்லித்தான் மாமா பலகையே வச்சாவ."

அவர் பலகையை ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தார். சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார். வீட்டில் இருந்து அத்தை யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. என்னை இல்லை.

"சரி. நல்லாப் பூட்டிக்கிடு. ஆடு வரும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பூட்டிக்கொண்டேன். உள்பக்கமாக.